மரைக்கு முறை வகுத்த விட்வொர்த்

நம் கழக்கூட்டத்திற்கு அண்மையில், தும்பாக் கடற்கரையிலிருந்து 1963ஆம் ஆண்டு நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் விண்ணில் பாய்ந்ததை நாம் அனைவரும் அறிவோம். அந்த ராக்கெட் அமெரிக்க நாட்டது. அது சுமந்து சென்ற சோடிய ஆவிக் கருவியோ பிரெஞ்சு நாட்டது. முன்னது அங்குலத்தில் பழகிய நாடு. பின்னது மீட்டரை ஈன்ற நாடு. இவ்வாறு வெவ்வேறு நாட்டுப் பொருள்கள் ஒன்றுசேரும் இடங்களிலெல்லாம், போல்ட்டும் நட்டும் தம்முள் இசைய வேண்டும் என்பதே முதற் கவலையாக நிற்கின்றது. போல்ட்டைச் சுற்றி ஓடும் மரைக்கு, ஒரு நாடு முழுவதும் ஏற்கத்தக்க பொது முறையை முதன்முதலில் வகுத்தளித்தவர் சர் ஜோசப் விட்வொர்த். கருவிகளோடு பழகும் குடும்பங்கள் பல வாழும் நம் காலனியில் அப்பெரியாரின் வரலாறு அறியத்தக்கது எனக் கருதி இங்கே தருகின்றோம்.

விட்வொர்த் 1803ஆம் ஆண்டு டிசம்பர் 21 அன்று இங்கிலாந்தில் ஸ்டாக்போர்ட் என்னும் ஊரில் பிறந்தார். பதினான்காம் வயதில் உறவினர் ஒருவரின் பஞ்சாலையில் தொழில் பயிலச் சேர்ந்தார். ஆலையின் வரவு செலவைவிட அதன் இயந்திரங்களே அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. ஆகவே அதை விடுத்து மான்செஸ்டருக்குச் சென்று, சாதாரணத் தொழிலாளியாக அமர்ந்தார். 1825இல் லண்டன் சேர்ந்து, புகழ்பெற்ற ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையில் வேலை ஏற்றார்.

அங்கே அவர் மேற்கொண்ட முயற்சி, பிழையற்ற சமதளத்தை உண்டாக்குதலாகும். இரண்டு தகடுகளை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிட்டால், ஒன்றின் மேடு மற்றொன்றின் பள்ளத்தில் அடங்கி நம்மை ஏமாற்றிவிடும். மூன்று தகடுகளை மாற்றி மாற்றி ஒப்பிட்டுச் சுரண்டினால் அந்த ஏமாற்று வெளிப்பட்டுவிடும். இம்முறையை அவர் செம்மைப்படுத்தினார். நுண்ணிய அளவீட்டிற்கு இதுவே அடிப்படையாயிற்று.

1833இல் மான்செஸ்டருக்குத் திரும்பித் தமக்கென ஒரு பட்டறை நிறுவினார். அக்காலத்தில் பட்டறைக்கு ஒரு மரை இருந்தது. இயந்திரத்தின் ஒரு போல்ட் ஒடிந்தால், அதைச் செய்த பட்டறையையே நாட வேண்டும். அப்பட்டறை மூடப்பட்டிருந்தாலோ, புதிதாகக் கடைந்தாக வேண்டும். இக்குறையை நீக்க விரும்பிய விட்வொர்த், தம் பட்டறை மரையே சிறந்தது என்று பிறர் மீது சுமத்தவில்லை. பல பட்டறைகளின் போல்ட்டுகளைத் திரட்டி, அளந்து, அவற்றின் சராசரியைக் கண்டார். அதைக் கொண்டு, மரையின் கோணம் 55 பாகை என்றும், ஒவ்வொரு விட்டத்திற்கும் அங்குலத்திற்கு இத்தனை மரை என்றும் வரையறுத்து, 1841இல் லண்டன் சிவில் பொறியாளர் கழகத்தின் முன் வைத்தார். இரயில்வேக்களும் தொழிற்சாலைகளும் அதனைப் படிப்படியாக ஏற்றன. எவருடைய மரையும் முழுமையாக வெல்லாததாலேயே எல்லோரும் அதற்கு இசைந்தனர் என்று நமக்குத் தோன்றுகின்றது.

1851இல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில், அங்குலத்தின் பத்து லட்சத்தில் ஒரு பங்கையும் உணர்த்தவல்ல அளவுக் கருவியை வைத்து உலகை வியக்கச் செய்தார். ஆனால் எல்லாவற்றிலும் அவர் வென்றார் அல்லர். அவர் செய்த அறுகோணத் துளைத் துப்பாக்கி குறி தவறாமைக்குப் பெயர் பெற்றும், பிரிட்டிஷ் படையின் பொதுத் துப்பாக்கியாக ஏற்கப்படவில்லை. அவர் மரையின் உருண்ட முனைகள் கடைவதற்குக் கடினமானவை. ஆதலால், அமெரிக்கரான வில்லியம் செல்லர்ஸ் 1864இல் தட்டை முனையும் 60 பாகைக் கோணமும் கொண்ட வேறு மரையை முன்மொழிந்தார். இவ்வேற்றுமை இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளுக்குப் பெருந்தொல்லையாயிற்று. 1948இல் பிரிட்டன், அமெரிக்கா, கனடா ஆகிய மூன்றும் 60 பாகைக்கு உடன்பட்டன. இன்றைய மெட்ரிக் மரையின் கோணமும் அதுவே.

ஆயினும் பழைய கருவிகளில் பழைய மரைகள் இன்றும் வாழ்கின்றன. அரை அங்குல விட்வொர்த் போல்ட்டில் அங்குலத்திற்கு 12 மரை. அதே அளவு அமெரிக்கப் போல்ட்டில் 13. சிறு கருவிகளுக்கென 1884இல் பிரிட்டிஷ் அசோசியேஷன் வகுத்த வரிசையில், சுழி எண் திருகாணிக்கு விட்டம் 6 மில்லிமீட்டர். மரை இடைவெளி 1 மில்லிமீட்டர். மெட்ரிக் ஆறாம் எண் போல்ட்டுக்கும் பொதுவாக இவ்விரண்டும் அவையே. கோணம் மட்டும் 47½ பாகைக்கு எதிராக 60 பாகை. கண்ணுக்கு இரண்டும் உடன்பிறப்புகள், கருவிக்கோ பகை. ஏறுவதுபோல் தோன்றினும் பக்கங்கள் முழுவதும் படியமாட்டா; வலிந்து முறுக்கினால் மரை அழியும். ஆகவே விட்டம், இடைவெளி, கோணம் ஆகிய மூன்றையும் காலிப்பராலும் மரை அளவியாலும் உறுதி செய்த பின்னரே ஸ்பானரை எடுத்தல் வேண்டும். இரண்டு ஒப்புமைகள் ஏமாற்றலாம், மூன்றாவது உண்மையைக் காட்டும் என்பது அவர் தகடுகள் கற்பித்த பாடமன்றோ!

1868இல் இளம் பொறியாளர்கள் கல்வி பெற உதவித்தொகைகளை நிறுவினார். 1869இல் பாரனெட் பட்டம் பெற்றார். 1887 ஜனவரி 22 அன்று மாண்டி கார்லோவில் மறைந்தார்.

நம் பிள்ளைகள் பள்ளியில் நுண்ணோக்கியின் முன் அமரும்போது, அதன் பொருளருகு லென்ஸைக் கழற்றி மாட்டும் மரையைக் கவனிக்கச் சொல்வோமாக. லண்டன் நுண்ணோக்கிச் சங்கத்தார் 1858இல் வகுத்த அம்மரை, விட்வொர்த்தின் 55 பாகை வடிவினது. இன்றும் பல பள்ளி நுண்ணோக்கிகளில் அதுவே உள்ளது. பஞ்சாலையை விட்டு வெளியேறிய அச்சிறுவனின் கைவண்ணம் அங்கே இன்னும் சுழல்கின்றது.