எடின்பரோவில் ஒரு தமிழர் பேசிய உண்மை: தென்னிந்தியத் திருச்சபை உருவாகக் காரணமான அசரியா யார்?

1910 ஜூன். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு. சுமார் 1,200 பிரதிநிதிகள். பெரும்பாலும் ஐரோப்பியர்கள், அமெரிக்கர்கள். அங்கே மேடை ஏறினார் 35 வயது தமிழர் ஒருவர். நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிடுவார் என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். நடந்தது வேறு.

யார் இவர்?

வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-ல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். அப்பா ஆங்கிலிக்கன் சபை குருவானவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார், ஆனா பட்டம் வாங்கவில்லை. ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக ஊர் ஊராகச் சுற்றினார். 1902-ல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்களே மிஷனரி வேலை செய்வதைப் பார்த்தார். நம்ம ஊரில் ஏன் முடியாது என்ற கேள்வி அவரை விடவில்லை. அடுத்த வருடமே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. பணமும் ஆட்களும் இந்தியர்களே.

மேடையில் என்ன பேசினார்?

வெள்ளைக்கார மிஷனரிகள் இந்தியாவுக்குச் செய்ததை அவர் மறுக்கவில்லை. ஆனா இந்திய ஊழியர்களை அவர்கள் சமமாக நடத்துவதில்லை என்று போட்டு உடைத்தார். ஒரே சபை, ஒரே வேலை. ஆனா வீட்டுக்குக் கூப்பிடுவது கிடையாது, சேர்ந்து சாப்பிடுவது கிடையாது. முதலாளி - வேலைக்காரர் உறவு போதும், இனி நட்பு வேண்டும் என்பதுதான் அவர் வாதம். அரங்கில் சிலர் கைதட்டினார்கள், சிலர் கொதித்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். அவரை மேடை ஏற்றியதே அவர்கள்தான். பகைத்துக்கொண்டால் எதிர்காலமே போய்விடலாம். அமைதியாக இருந்திருந்தால் ஒற்றுமை கெடாது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். உண்மையை மறைத்துக் காப்பாற்றுவது ஒற்றுமை ஆகாது என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார்.

பிறகு என்ன ஆனது?

எதிர்ப்பு இருந்தும், 1912 டிசம்பர் 29-ல் கல்கத்தாவில் ஆயராக அபிஷேகம் செய்யப்பட்டார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய ஆயர் அவர்தான். அவருக்குக் கிடைத்த இடம், அப்போது நிஜாம் ஆட்சியில் இருந்த, இன்றைய தெலங்கானாவின் தோர்ணக்கல். தெலுங்கு கற்றுக்கொண்டு, ஒடுக்கப்பட்ட சாதி மக்களின் கிராமங்களில் கடைசி வரை வேலை செய்தார்.

ஒற்றுமைக்கு என்ன தடை?

ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன் என்று சபைகள் பிரிந்து கிடந்தன. இந்தப் பிரிவினைகள் இங்கே பிறந்தவை இல்லை, மேற்கத்திய நாடுகளிலிருந்து இறக்குமதியானவை. 1919-ல் தரங்கம்பாடியில் இந்தியக் குருமார்கள் கூடி, சபைகள் இணைய வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். அந்தக் கூட்டத்தின் முக்கிய முகம் அசரியா.

சிக்கல் எங்கே என்றால், ஆயர் கைவைத்து அபிஷேகம் செய்யாத மற்ற சபைப் போதகர்களை ஆங்கிலிக்கன்கள் ஏற்க முடியுமா என்பதில். அது உண்மையையே விட்டுக்கொடுப்பது ஆகும் என்றார்கள் எதிர்த்தவர்கள். கவிஞர் டி.எஸ். எலியட் கூட 1943-ல் இந்தத் திட்டத்தை எதிர்த்துத் தனியாக ஒரு சிறுநூல் எழுதினார். அதாவது, உண்மை எங்கள் பக்கம் என்று இரண்டு தரப்புமே நம்பியது. அதனால்தான் பேச்சுவார்த்தை கால் நூற்றாண்டுக்கும் மேல் இழுத்தது.

கடைசியில் வந்த தீர்வு: இருக்கும் போதகர்களை அப்படியே ஏற்பது, இனி வருபவர்களை ஆயர்கள் அபிஷேகம் செய்வது.

அவர் பார்த்தாரா?

இல்லை. 1945 ஜனவரி 1-ல் தோர்ணக்கலில் அசரியா இறந்துபோனார். 1947 செப்டம்பர் 27-ல், சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் சி.எஸ்.ஐ. எனும் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆயர்கள் உள்ள சபையும் ஆயர்கள் இல்லாத சபைகளும் இப்படி ஒன்றாக இணைந்தது அதுவே முதல்முறை.

உங்கள் ஊரில் சி.எஸ்.ஐ. என்ற பலகையை எத்தனையோ முறை கடந்திருப்பீர்கள். அந்த மூன்று எழுத்துகளுக்குப் பின்னால், எடின்பரோவில் வாயை மூடிக்கொள்ளாத ஒரு வெள்ளாளன்விளைக்காரரும் இருக்கிறார்.