ஐடா ஸ்கடர் அம்மையார்

நோயுற்றோர்க்கு மருந்தளிப்பவர் மருத்துவர். இரவும் பகலும் அருகிருந்து காப்பவர் செவிலியர். பிணி தீர இவ்விருவர் தொண்டும் வேண்டும். இவ்வுண்மையை உணர்ந்து இருவகைத் தொண்டரையும் தமிழகத்தில் உருவாக்கிய பெருமாட்டி ஐடா ஸ்கடர் அம்மையார் ஆவார்.

அம்மையார் 1870ஆம் ஆண்டில் இராணிப்பேட்டையில் பிறந்தார். அவர்தம் பாட்டனாரும் தந்தையாரும் கிறித்தவத் திருச்சபையின் சார்பில் மருத்துவப் பணி புரிந்தவர்கள். எனினும், இளமையில் அம்மையார்க்கு அப்பணியில் நாட்டமில்லை. அமெரிக்காவில் கல்வி பயின்ற அவர், நோயுற்றிருந்த அன்னையாரைப் பேணுதற்குத் திண்டிவனம் வந்தார். ஆங்கு ஓரிரவில் மூன்று இல்லத்தார் ஒருவர்பின் ஒருவராக வந்து, பிள்ளைப்பேற்றில் துன்புறும் தம் மனைவியரைக் காக்குமாறு அவரை வேண்டினர். அவரோ மருத்துவம் கல்லாதவர். மருத்துவராகிய தந்தையாரை அனுப்புவதாகக் கூறியும், ஆடவர் பெண்டிரைத் தொடுதல் தம் மரபன்று என அவர்கள் மறுத்தனர். விடிவதற்குள் அம்மூவரும் மாண்டனர். அத்துயரம் அம்மையாரின் வாழ்க்கைப் போக்கையே மாற்றிற்று.

மீண்டும் அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று, 1899இல் பட்டம் பெற்றார். 1900இல் வேலூரில் ஒரே படுக்கையுடன் பணியைத் தொடங்கினார். 1902இல் நாற்பது படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது. நோயாளர் பெருகினர், அவர்களைப் பேணும் கைகளோ சிலவே. பிறர் புண்ணைக் கழுவுதலும் அழுக்கை அகற்றுதலும் இழிதொழில் என்று அக்காலத்தார் பலர் கருதினர். தம் பெண்மக்களை அப்பணிக்கு அனுப்பத் தயங்கினர். அம்மையார் மனந்தளரவில்லை. 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியை நிறுவினார். தொடக்கக் காலத்தில் இத்தொழிலுக்குத் துணிந்து வந்தோருள் கிறித்தவ சபைகளைச் சேர்ந்த பெண்களே மிகுதி. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தோன்றிற்று. மருத்துவமனைக்கு வரவியலாத சிற்றூர் மக்களை நாடி, முதலில் மாட்டு வண்டியிலும் பின்னர் மோட்டார் வண்டியிலும் சென்று, சாலையோர மரநிழலில் அம்மையார் மருத்துவம் செய்தார். 1946இல் செவிலியர் கல்வி கல்லூரிப் பட்டப் படிப்பாக உயர்ந்தது.

திண்டுக்கல் சமவெளியினின்று நோக்குவார்க்கு நீலமாய்த் தோன்றும் மலைத்தொடரில் உள்ள கோடைக்கானலில் அம்மையார் தம் இறுதிக் காலத்தைக் கழித்து, 1960ஆம் ஆண்டு மே திங்களில் மறைந்தார். இழிதொழில் என ஒதுக்கப்பட்ட பணி, இன்று பெண்களும் ஆண்களும் விரும்பிக் கற்கும் உயர்கல்வியாகத் திகழ்கிறது. பிறர் துன்பத்தைக் கண்டு இரங்குவோர் பலர். அதனைத் துடைக்கத் தம் வாழ்வையே அளிப்போர் சிலரே. அச்சிலருள் ஒருவர் ஐடா ஸ்கடர் அம்மையார்.