மண்வெட்டியோடு வந்த விருந்தாளி



2004 டிசம்பர் 26 அன்று நம் கடற்கரையைத் தாக்கிய ஆழிப்பேரலையை நாம் மறக்க முடியாது. கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என மீனவக் குப்பங்கள் பலவும் வீடு, படகு, வலை இழந்து நின்றன. அப்போது முன்பின் அறியாத பலர் வந்து இடிபாடுகளை அகற்றினார்கள், கல் சுமந்தார்கள், வீடு எழும்பத் துணை நின்றார்கள். இப்படி அயலூருக்குப் போய் உடலுழைப்பைத் தருவதை ஓர் இயக்கமாகவே தொடங்கியவர் பியேர் செரசோல். அவரது வாழ்வை இன்று சற்றுச் சிந்திப்போம்.

சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் 1879ஆம் ஆண்டு பிறந்தார். தந்தை அந்த நாட்டின் அதிபராக இருந்தவர். மகன் பொறியியலும் கணிதமும் கற்றார். வசதியான வாழ்வு காத்திருந்தது. அவரோ குடும்பச் சொத்தாகத் தமக்கு வந்த பணத்தை அரசிடமே ஒப்படைத்தார். முதல் உலகப்போர் நடந்தபோது, கொலைக்குத் துணைபோக மாட்டேன் என்று ராணுவ வரி கட்ட மறுத்துச் சிறை சென்றார்.

போர் முடிந்தது. போருக்கு எதிராகப் பேசினால் மட்டும் போதாது, போர் இடித்ததைக் கட்டவும் வேண்டும் என்று அவர் எண்ணினார். 1920இல் பிரான்சின் வெர்டன் அருகே, குண்டுகளால் தரைமட்டமான எஸ்ன் என்ற சிற்றூருக்குச் சில தோழர்களுடன் சென்றார். அவர்களில் ஜெர்மானியரும் இருந்தனர். எந்த நாட்டுப் படை அழித்ததோ, அந்த நாட்டு இளைஞர்களே அங்கு குடிசை அமைத்தார்கள், குழிகளை மூடினார்கள்.

ஆனால் காயம் ஆறவில்லை. ஜெர்மானியர் இங்கே வேண்டாம் என்ற எதிர்ப்பு கிளம்பியது. அவர்களை மட்டும் அனுப்பிவிட்டு மற்றவர்கள் வேலையைத் தொடர்ந்திருக்கலாம். செரசோல் அதற்கு இணங்கவில்லை. 1921இல் எல்லாரும் ஒன்றாகவே வெளியேறினார்கள். வேலை பாதியில் நின்றது. உலகின் கண்ணுக்கு அது தோல்வி. ஆனாலும் அங்கே விழுந்த விதை முளைத்தது. 1928இல் வெள்ளத்தால் கல்லும் மணலும் மூடிய லீக்டன்ஸ்டைன் வயல்களைச் சீர்செய்ய, பல நாடுகளிலிருந்து 700க்கும் மேற்பட்ட தொண்டர்கள் திரண்டார்கள்.

1934 ஜனவரி 15 அன்று பீகாரைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. செய்தி கேட்டு, 55 வயதை நெருங்கிய செரசோல் இந்தியாவுக்குக் கப்பலேறினார். நிவாரணப் பணிகளை முன்நின்று நடத்திய இராஜேந்திர பிரசாத் போன்றோருடன் இணைந்தார். 1937 வரை மீண்டும் மீண்டும் வந்து, முசாபர்பூர் பகுதியில் வெள்ளம் எட்டாத இடத்தில் புதுக் குடியிருப்புகள் எழ உழைத்தார். வெள்ளைக்காரர் என்றாலே அதிகாரி என்றிருந்த காலத்தில், அவர் கிராமத்தாரோடு சேர்ந்து மண் வெட்டினார்.

இரண்டாம் உலகப்போரின்போது சமாதானம் பேச அனுமதியின்றி ஜெர்மன் எல்லையைக் கடந்ததற்காக மீண்டும் சிறை கண்டார். உடல் நலிந்து 1945 அக்டோபரில் இறந்தார். அவர் தொடங்கிய சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல் இன்றும் பல நாடுகளில் பணியாற்றுகிறது.

செரசோல் கத்தோலிக்கர் அல்லர். குவேக்கர் சபையைச் சேர்ந்தவர். நல்ல சமாரியரும் நம்மவர் அல்லவே! அடிபட்டுக் கிடந்தவரைத் தூக்கியவர் யார் என்பதைத்தான் இயேசு பார்க்கச் சொன்னார்.

நம் பங்குகளிலும் கோயில் கட்டுகிறோம், ஏழைக் குடும்பத்திற்கு வீடு கட்டித் தருகிறோம். நன்கொடை தருவது நல்லதுதான். ஆனால் அடுத்த தெருவிலிருந்து வருபவர், நாம் பேசாமல் ஒதுக்கிய உறவினர், வேற்றுச் சாதிக்காரர் ஆகியோரோடு ஒரே வரிசையில் நின்று செங்கல் கைமாற்ற நாம் தயாரா? அவர் வந்தால் நான் வரமாட்டேன் என்று சொன்ன நாள்கள் நம்மிடம் இல்லையா? சுவர் எழுவதற்கு முன்பே அங்கே கோயில் இடிந்துபோகிறது.

அடுத்த முறை பங்கில் சிரமதானத்திற்கு அழைப்பு வரும்போது, ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொள்வோம். ஒதுங்கி நிற்கும் ஒருவரையும் கையோடு கூட்டிச் செல்வோம். தச்சராக உழைத்த நம் ஆண்டவர் அந்த வரிசையில் நம்மோடு நிற்பாராக.