மார்ட்டினஸ் பெயெரிங்க்

மார்ட்டினஸ் வில்லெம் பெயெரிங்க் (மார்ச் 16, 1851 - ஜனவரி 1, 1931) நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த தாவரவியலாளரும் நுண்ணுயிரியலாளரும் ஆவார். அவரை இனத் தாவரங்களின் வேர் முடிச்சுகளில் வாழும் நைட்ரசன் நிலைநிறுத்தும் பாக்டீரியாவை 1888 ஆம் ஆண்டில் முதன்முதலாகத் தனித்துப் பிரித்து வளர்த்தவர் இவரே. தீநுண்மவியலின் முன்னோடிகளுள் ஒருவராகவும் இவர் கருதப்படுகிறார்.

இளமையும் கல்வியும்

பெயெரிங்க் ஆம்ஸ்டர்டாம் நகரில் பிறந்தார். டெல்ஃப்ட் நகரில் வேதியியல் தொழில்நுட்பம் பயின்றார். பின்னாளில் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசைப் பெற்ற வான்ட் ஹாஃப் அங்கு இவருடைய நண்பராக இருந்தார். 1877 ஆம் ஆண்டில், தாவரங்களில் பூச்சிகளால் உண்டாகும் புடைப்புகளைப் பற்றிய ஆய்வுக்காக லைடன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். வாகெனிங்கன் வேளாண்மைப் பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றிய பின்னர், 1885 ஆம் ஆண்டில் டெல்ஃப்டில் இருந்த ஈஸ்ட் தொழிற்சாலை ஒன்றில் நுண்ணுயிரியலாளராகச் சேர்ந்தார். வேர் முடிச்சுகளைப் பற்றிய புகழ்பெற்ற ஆய்வு இத்தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் நடைபெற்றதாகும்.

வேர் முடிச்சு ஆய்வு

காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரசன் இருந்தபோதிலும் தாவரங்கள் அதனை நேரடியாகப் பயன்படுத்த இயலாது. எனினும் பட்டாணி, அவரை போன்றவற்றைப் பயிரிட்டபின் நிலம் வளம் பெறுவதை உழவர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். 1850களின் இறுதியில் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் நடந்த ஆய்வுகளில், சூடேற்றப்பட்ட மண்ணில் வளர்ந்த தாவரங்கள் காற்றிலிருந்து நைட்ரசனை ஏற்கவில்லை. சூடேற்றியபோது மண்ணின் நுண்ணுயிர்கள் அழிந்திருந்தன. இதன் முக்கியத்துவம் அன்று உணரப்படவில்லை. 1886 ஆம் ஆண்டில் செருமானியரான ஹெல்ரீகல், வில்ஃபார்த்துடன் இணைந்து செய்த ஆய்வுகளின் மூலம், வேர் முடிச்சுகள் கொண்ட அவரை இனத் தாவரங்கள் காற்றின் நைட்ரசனைப் பெறுகின்றன என்றும், அதற்கு மண்ணிலுள்ள நுண்ணுயிர்களே காரணம் என்றும் அறிவித்தார். ஆயினும் அந்நுண்ணுயிரை அவர்கள் பிரித்தெடுக்கவில்லை.

இக்குறையைப் பெயெரிங்க் நிறைவு செய்தார். அக்காலத்தில் வழக்கிலிருந்த இறைச்சிச் சாற்று ஊடகங்களை விடுத்து, அவரை இனத் தாவர இலைகளின் சாற்றுடன் ஜெலாட்டின், சர்க்கரை, சிறிதளவு அஸ்பராஜின் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு வளர்ப்பு ஊடகத்தை அமைத்தார். அந்த உயிரினம் இயற்கையில் வாழும் சூழலை ஒத்த ஊடகம் தேவை என்பதே இதன் அடிப்படை. இவ்வாறு பிரித்தெடுத்த பாக்டீரியாவிற்கு பேசில்லஸ் ராடிசிகோலா எனப் பெயரிட்டார். 1889 இல் ஃபிராங்க் என்பவர் அளித்த ரைசோபியம் என்னும் பெயரே பின்னர் நிலைபெற்றது.

தனித்து வளர்த்த பாக்டீரியா நைட்ரசனை நிலைநிறுத்துவதை மெய்ப்பிக்கப் பெயெரிங்கால் இயலவில்லை. நைட்ரசனை மாற்றும் நைட்ரசனேஸ் என்னும் நொதி ஆக்சிசனால் செயலிழக்கும். முடிச்சினுள் லெக்ஹீமோகுளோபின் என்னும் செந்நிறப் புரதம் ஆக்சிசனைப் பிணைத்து, கட்டற்ற ஆக்சிசனின் அளவைக் குறைவாக வைத்திருக்கிறது. தாவரம் சர்க்கரையிலிருந்து பெற்ற கரிமச் சேர்மங்களை அளிக்க, பாக்டீரியா அம்மோனியாவை அளிக்கிறது. தாவரத்திற்கு வெளியே, ஆக்சிசன் மிகக் குறைந்த வளர்ப்பில் சில வகை முடிச்சுப் பாக்டீரியாக்கள் நைட்ரசனை நிலைநிறுத்துவது 1975 ஆம் ஆண்டில்தான் காட்டப்பட்டது.

பிற கண்டுபிடிப்புகள்

1895 ஆம் ஆண்டில் டெல்ஃப்ட் தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியரானார். அதே ஆண்டில் சல்பேட்டை ஒடுக்கும் பாக்டீரியாவைக் கண்டறிந்தார். 1898 ஆம் ஆண்டில், புகையிலைத் தேமல் நோய்க்குக் காரணி பாக்டீரியா அன்று, உயிருள்ள செல்களில் மட்டுமே பெருகும் ஒரு தொற்றுப்பொருள் என விளக்கி, அதனை வைரஸ் என்றழைத்தார். அக்காரணி வடிகட்டிகளைக் கடந்து செல்வதை 1892 இலேயே உருசியரான இவனோவ்ஸ்கி அறிவித்திருந்தார். இதனை அறிந்ததும் பெயெரிங்க் அவருடைய முன்னுரிமையை ஏற்றுக்கொண்டார்.

1901 ஆம் ஆண்டில், தாவரத் துணையின்றி மண்ணில் தனித்து வாழ்ந்து, காற்றுள்ள சூழலில் நைட்ரசனை நிலைநிறுத்தும் அசட்டோபாக்டரை விவரித்தார். நைட்ரசன் சேர்மங்கள் இல்லாத ஊடகத்தில் மண்ணை இட்டால், காற்றிலிருந்து நைட்ரசனைப் பெறவல்ல உயிர்களே பெருகும். செறிவூட்டு வளர்ப்பு எனப்படும் இம்முறையை உருசிய அறிவியலாளர் வினோகிராட்ஸ்கியும் தனித்து உருவாக்கினார்.

தனி வாழ்க்கை

பெயெரிங்க் திருமணம் செய்துகொள்ளவில்லை. ஆய்வுக்கே தம்மை முழுமையாக ஒப்படைத்திருந்த இவர், மாணவர்களிடம் மிகக் கடுமையாக நடந்துகொண்டதால் அவர்களின் அன்பைப் பெறவில்லை. 1905 ஆம் ஆண்டில் இவருக்கு லேவன்ஹூக் பதக்கம் வழங்கப்பட்டது. 1921 ஆம் ஆண்டில் 70 ஆம் அகவையில் ஓய்வு பெற்று கோர்செல் என்னும் ஊரில் குடியேறிய இவர், அங்கேயே காலமானார்.

தாக்கம்

இவருக்குப் பின் பொறுப்பேற்ற ஆல்பர்ட் க்ளைவரின் காலத்தில் டெல்ஃப்ட் நுண்ணுயிரியல் மரபு உலகப் புகழ் பெற்றது. பயறு வகைகளின் விதைகளில் விதைப்பிற்கு முன் கலக்கப்படும் ரைசோபியம் உயிர் உரங்கள், முடிச்சுப் பாக்டீரியாவைத் தனித்து வளர்க்க இயலும் என இவர் காட்டியதன் வழிவந்தவை.