சிராப்பள்ளிக் குன்றில் மகேந்திரவர்மன்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் படியேறுவோர் உச்சிப்பிள்ளையாரைத் தரிசிப்பர். வடக்கே காவிரிக்கு அப்பால் திருவரங்கத்துக் கோபுரங்களைக் கண்டு மகிழ்வர். இடைவழியிலுள்ள பல்லவர் குடைவரையில் நின்று நோக்குவோர் சிலரே. சமணக் குடும்பத்தினராகிய நமக்கோ அவ்விடம் மனத்தில் தைத்த முள். அதனைக் குடைவித்தவன் நம் நெறியை விட்டு நீங்கியவனாகச் சொல்லப்படும் முதலாம் மகேந்திரவர்மன்.

சிம்மவிஷ்ணுவின் மைந்தனாகிய இவ்வேந்தன் ஏறத்தாழக் கி.பி. 600 முதல் 630 வரை காஞ்சியிலிருந்து ஆண்டான். செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய எதுவுமின்றி மும்மூர்த்திகளுக்குக் கோயில் அமைத்தமையை மண்டகப்பட்டில் கல்லில் பொறித்தான். ஓவியத்தில் கொண்ட ஈடுபாட்டால் சித்திரகாரப்புலி என்றும் பெயர் பூண்டான். போரில் அத்துணை நற்பேறு வாய்க்கவில்லை. சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியின் படைக்கு அஞ்சிப் பல்லவன் காஞ்சி மதிலுக்குள் மறைந்தான் என்று 634ஆம் ஆண்டின் அய்ஹொளெக் கல்வெட்டு எள்ளுகிறது. அதனைப் பாடிய இரவிகீர்த்தி ஒரு சமணப் புலவர்!

அருகன் நெறியில் நின்ற பல்லவ வேந்தன் திருநாவுக்கரசரால் சைவனானான் என்றும், பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்து அக்கற்களால் திருவதிகையில் குணதரவீச்சரம் எடுத்தான் என்றும் 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணம் கூறும். அம்மன்னன் குணபரன் என்னும் பட்டமுடைய மகேந்திரனே என்பர் ஆய்வாளர். சிராப்பள்ளிக் குடைவரையின் வடமொழிக் கல்வெட்டும் அவன் மாற்று நெறியினின்று திரும்பியதையே குறிக்கிறது என்பர். அது தருக்க நூற் சொற்களாலான சிலேடை என்பாரும் உளர்.

இவன் உள்ளத்தை அறிய நமக்குக் கிடைத்துள்ள சிறந்த சான்று, 1917இல் திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரியார் பதிப்பித்த மத்தவிலாசப் பிரகசனம். கள்ளுண்ட காபாலிகன் ஒருவன் தன் கபாலத்தைத் தொலைக்கிறான். உடனே எதிர்ப்பட்ட பௌத்தத் துறவியைக் கள்வன் என்கிறான். அத்துறவியோ, கள்ளையும் மகளிரையும் அனுமதிக்கும் விதியை முதியோர் மறைத்துவிட்டனர் என்று உள்ளுக்குள் ஏங்குபவர். நடுவராக வரும் பாசுபதனின் பார்வையோ காபாலிகனுடன் வந்த பெண்மேல் படிகிறது. இறுதியில் கபாலத்தைக் கவ்விச் சென்றது ஒரு நாய் என்று தெரிகிறது; பித்தன் ஒருவன் அதனைக் கொண்டு வந்து சேர்க்கிறான்.

இங்கே நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. காபாலிகமும் பாசுபதமும் சைவத்தின் கிளைகளே. சிவனுக்குக் குன்றைக் குடைந்தவன், தன் பக்கத்தாரையே முதலில் மேடையேற்றினான். குடியரின் கூத்துக்கு இட்ட பெயரும் அவனுடைய விருதுப் பெயராகிய மத்தவிலாசன் என்பதே.

நாமோ அவனை நிலையற்றவன் என்றோம். ஆயினும் சித்தன்னவாசல் ஓவியங்களை மட்டும் அவன் சமணனாயிருந்த நாளின் கொடை என்று நெடுங்காலம் உரிமை கொண்டாடினோம். 9ஆம் நூற்றாண்டில் பாண்டியன் சீவல்லபன் காலத்தில் மதுரையாசிரியர் இளங்கௌதமன் அக்குடைவரையைப் புதுப்பித்ததை அங்குள்ள தமிழ்க் கல்வெட்டே உரைக்கிறது. வாதில் நம்மவர் தோற்றதாகச் சேக்கிழார் பாடினால் நெஞ்சு வேகிறது. நீலகேசியில் பௌத்த ஆசிரியர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தோற்கும்போது இன்புற்று வாசிக்கிறோம். புராணச் செய்தியை ஐயுற நமக்குக் காரணங்கள் உண்டு. நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஐந்நூறு ஆண்டு பிந்தியது அது. ஆனால் அதே கடுமையுடன் நம் நூல்களை ஐயுற்றதுண்டா? பிறர் குற்றத்தை அம்பலப்படுத்தாமையையும், வழுவியோரை நிலைநிறுத்தலையும் நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் வைத்த மரபு நம்முடையது.

மலைக்கோட்டைக் குன்றிலேயே, மேலைக் குடைவரைக்கு அருகில், இயற்கைக் குகையொன்றில் சமண முனிவரின் கற்படுக்கைகள் உள்ளன. சிரா என்னும் துறவியின் பள்ளியே சிராப்பள்ளி என்று ஒரு சாரார் கூறுவர். மகேந்திரனின் சிற்பிகள் இக்குன்றில் உளி பிடித்து வேலை செய்தனர். அப்படுக்கைகள் இன்றும் இருக்கின்றன.