பிறருக்கு வேலை வழி காட்டிய பிராங்க் பார்சன்ஸ்

பையன் படிப்பை முடித்து விட்டான். இனி அவனை எந்த வேலைக்கு அனுப்புவது? ஊரை விட்டு வந்து வெளி மாநிலத்தில் பிழைக்கும் நம்மவர் வீடுகளில் ஆண்டுதோறும் எழும் கேள்வி இது. யாரிடம் கேட்பது என்று தெரிவதில்லை. பக்கத்து வீட்டுப் பையன் எதில் சேர்ந்தானோ அதிலேயே நம் பையனையும் சேர்த்து விடுகிறோம். அல்லது ஆபீஸில் தெரிந்தவர் ஒருவர் சொன்ன இடத்தில் விண்ணப்பம் போடச் சொல்கிறோம். பிறகு இருபது, முப்பது ஆண்டுகள் அந்தப் பையன் அந்த வேலையோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

இந்தக் கேள்விக்கு முறையாக விடை காண முடியும் என்று கூறி, அதற்கென்றே ஓர் அலுவலகத்தைத் திறந்தவர் பிராங்க் பார்சன்ஸ் என்னும் அமெரிக்கர். 1908-ம் ஆண்டு ஜனவரி 13-ந் தேதி பாஸ்டன் நகரில் அந்த அலுவலகம் தொடங்கியது. அதன்பின் ஒன்பது மாதங்கள்கூட அவர் உயிருடன் இல்லை. ஆனால் அவர் ஊன்றிய விதையிலிருந்துதான் தொழில் வழிகாட்டல் என்ற துறையும், பின்னர் ஆலோசனை உளவியல் என்ற கல்வித்துறையும், அதற்கான ஆராய்ச்சிப் பத்திரிகைகளும் வளர்ந்தன. பிறருக்கு வேலை தேர்ந்து கொடுத்த அந்த மனிதருக்குத் தமக்கேற்ற வேலை ஐம்பது வயது வரை கிட்டவில்லை என்பதுதான் அவருடைய வாழ்க்கையின் விசித்திரம்.

வேலை மாறி வேலை

பார்சன்ஸ் 1854-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி நியூஜெர்சி மாநிலத்தில் உள்ள மவுண்ட் ஹாலி என்ற ஊரில் பிறந்தார். படிப்பில் சூரர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் சிவில் என்ஜினீயரிங் பயின்று 1873-ல் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது பதினெட்டுதான். உடனே ஒரு ரயில்வே கம்பெனியில் என்ஜினீயராகச் சேர்ந்தார். அவருடைய போதாத காலம், அதே ஆண்டில் அமெரிக்காவில் பெரும் பொருளாதார நெருக்கடி ஏற்பட்டது. பல ரயில்வே கம்பெனிகள் திவாலாயின. பார்சன்ஸின் கம்பெனியும் மூழ்கியது.

பட்டம் பெற்ற அந்த இளைஞர் பிழைப்புக்காக ஓர் இரும்பு உருட்டாலையில் கூலியாளாகச் சேர்ந்து உடலுழைப்பு செய்தார். அங்கிருந்து பள்ளி ஆசிரியர் வேலைக்கு வந்தார். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சவுத்பிரிட்ஜ் என்ற ஊரில் பாடம் நடத்தினார். அவருடைய பேச்சுத் திறமையைக் கண்டவர்கள் வக்கீலுக்குப் படிக்கும்படி யோசனை கூறினர். இரவு பகலாகப் படித்து 1881-ல் வக்கீல் பரீட்சையில் தேறினார். ஆனால் அந்தக் கடும் உழைப்பில் உடல் நலம் கெட்டு, வறண்ட காற்றை நாடி நியூ மெக்சிகோ பகுதிக்குச் சென்று சுமார் மூன்று ஆண்டுகள் அங்கேயே தங்க வேண்டியதாயிற்று.

திரும்பி வந்து பாஸ்டனில் வக்கீல் தொழில் நடத்தினார். அது அவருக்குப் பிடிக்கவுமில்லை, சோறு போடவுமில்லை. ஒரு புத்தகக் கம்பெனிக்காகச் சட்ட நூல்களை எழுதிக் கொடுத்தார். பாஸ்டன் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் 1905 வரை பல ஆண்டுகள் விரிவுரையாளராக இருந்தார். 1895-ல் பாஸ்டன் மேயர் தேர்தலில் நின்று மிகச் சொற்ப வாக்குகளே பெற்றுத் தோற்றார். 1897-ல் கான்சாஸ் மாநில விவசாயக் கல்லூரியில் பேராசிரியர் பதவி கிடைத்தது. மாநிலத்தில் ஆட்சி மாறியதும் 1899-ல் அதுவும் பறிபோயிற்று.

இதற்கிடையே எழுதிக் கொண்டே இருந்தார். தண்ணீர், மின்சாரம், டிராம் ஆகியவை நகர மக்களுக்கே சொந்தமாக இருக்க வேண்டும் என்றும், தந்தி கம்பெனியின் ஏகபோகம் ஒழிய வேண்டும் என்றும், ரயில்வே முதலாளிகளின் கட்டணக் கொள்ளையைத் தடுக்க வேண்டும் என்றும் நூல் நூலாக எழுதினார். நியூசிலாந்து நாட்டின் சமூகச் சீர்திருத்தங்களைப் பற்றி 1904-ல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். அந்நாளில் அவருக்குப் பெயர் தேடித் தந்த நூல்கள் இவைதாம். இன்று அவற்றைப் புரட்டுவோர் வெகு சிலரே.

குடியேறியவர்களின் நடுவில்

பாஸ்டன் நகரின் வட முனைப் பகுதி அக்காலத்தில் குடியேறியவர்களின் பேட்டை. இத்தாலியிலிருந்தும், ரஷ்யா முதலிய கிழக்கு ஐரோப்பிய நாடுகளிலிருந்தும் கப்பலேறி வந்த ஏழைகள் அங்கு நெருக்கியடித்துக் கொண்டு வாழ்ந்தனர். பாஷை தெரியாது. சிபாரிசு செய்ய ஆளில்லை. முதல் நாள் எந்த வாசல் திறந்ததோ அந்த வாசலில் வேலைக்கு நுழைந்து விடுவார்கள். சிறுவர்கள் பள்ளியைப் பாதியில் விட்டு விட்டுக் கடைகளிலும் தொழிற்சாலைகளிலும் சேர்வார்கள். சில மாதங்களில் அதை விட்டு இன்னொன்று, பிறகு வேறொன்று என்று அலைவார்கள். வெளியூர் சென்று வேலை தேடியவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இவர்களுக்கு உதவவென்று 1901-ல் அங்கே குடிமைச் சேவை இல்லம் ஒன்று ஏற்பட்டது. பண உதவி செய்தவர் பாலின் அகாசிஸ் ஷா என்ற சீமாட்டி. இயற்கை விஞ்ஞானி லூயி அகாசிஸின் மகள் அவர். இல்லத்தை நடத்தியவர் மேயர் புளூம்ஃபீல்டு. அவரும் ருமேனியாவிலிருந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவரே. இந்த இல்லத்தின் ஆதரவில் 1905-ல் உழைப்பாளிகளுக்கென ஒரு மாலைக் கல்லூரியைப் பார்சன்ஸ் தொடங்கி நடத்தினார். பகலெல்லாம் உழைத்து விட்டு மாலையில் வந்து பாடம் கேட்ட அந்த இளைஞர்களோடு பழகியபோதுதான் அவருக்கு ஓர் உண்மை உறைத்தது. சட்டத்தையும் நகராட்சியையும் திருத்தினால் மட்டும் போதாது. தனி மனிதன் தனக்கேற்ற வேலையில் அமர வேண்டும் என்று உணர்ந்தார்.

இதைப்பற்றி அவர் 1906-ல் பாஸ்டனில் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். பிறகு, மாலை நேரப் பள்ளியில் படித்து முடிக்க இருந்த மாணவர்களிடமும் இதே பொருள் பற்றிப் பேசினார். பேச்சு முடிந்ததும் சிலர் அவரைத் தனியாகச் சந்தித்து யோசனை கேட்க விரும்பினர். அந்தச் சந்திப்புகளே அலுவலகம் திறக்கத் தூண்டுகோலாயின.

மூன்று படிகள்

அலுவலகம் திறந்த சில மாதங்களில், 1908 மே முதல் தேதியிட்டு ஓர் அறிக்கை அளித்தார். அதற்குள் 80 பேர் யோசனை கேட்டு வந்திருந்தனர். அவர்களில் மிக இளையவருக்கு வயது 15. மிக மூத்தவருக்கு 72.

அவருடைய முறை எளிமையானது. முதலாவதாக, ஒருவர் தம்மைத் தாமே அறிந்து கொள்ள வேண்டும். தமது திறமை என்ன, ஆசை என்ன, குறை என்ன, கையில் உள்ள வசதி என்ன என்று பார்க்க வேண்டும். இரண்டாவதாக, வேலைகளைப் பற்றித் தெரிந்து கொள்ள வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் தேவையான தகுதி, கிடைக்கும் சம்பளம், முன்னேற்றம், அதில் உள்ள சங்கடம் ஆகியவற்றை விசாரிக்க வேண்டும். மூன்றாவதாக, இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிதானமாக யோசித்து முடிவெடுக்க வேண்டும். முடிவு எடுக்க வேண்டியவர் வந்தவரே. ஆலோசகரின் வேலை உதவுவது மட்டுமே.

வருபவரிடம் நூற்றுக்கு மேற்பட்ட கேள்விகள் கொண்ட தாளைக் கொடுத்து, வீட்டில் உட்கார்ந்து எழுதி வரச் சொல்வார். வீட்டாரிடமும் நண்பர்களிடமும் தம் குறைகளைக் கேட்டறியச் சொல்வார். டாக்டராக வேண்டும் என்று வந்த, மெலிந்து சோர்ந்த ஓர் இளைஞனைப் பற்றி அவர் எழுதி வைத்திருக்கிறார். உனக்கு அது ஆகாது என்று அவர் எடுத்தவுடன் சொல்லவில்லை. பள்ளியில் எப்படிப் படித்தாய், ஞாபக சக்தி எப்படி, படிக்கப் பணமுண்டா, பிறரிடம் பழகும் விதம் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். டாக்டர் தொழிலுக்கு வேண்டியதும் தன்னிடம் உள்ளதும் எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன என்பதை அந்த இளைஞனே கண்டு கொள்ளும்படி செய்தார்.

அவரிடம் குறைகள் இல்லாமல் இல்லை. வந்தவரின் தலை அமைப்பைப் பார்த்தும் குணத்தைக் கணிக்க முயன்றார். அக்காலத்தில் பலரும் நம்பிய அந்தக் கருத்து ஆதாரமற்றது எனப் பின்னால் ஒதுக்கப்பட்டது. யோசனை பெற்றுச் சென்றவர்கள் பல ஆண்டுகளுக்குப் பின் எப்படி இருந்தார்கள் என்று தொடர்ந்து பார்க்கவும் அவருக்கு ஆயுள் இல்லை. 1908 செப்டம்பர் 26-ந் தேதி, 53-வது வயதில் அவர் காலமானார். மனைவி மக்கள் என்று எவரும் இல்லை. மேசை மேல் ஒரு கையெழுத்துப் பிரதி இருந்தது.

இறந்த பின் வந்த நூல்

அந்தப் பிரதியை நண்பர் ரால்ஃப் ஆல்பர்ட்சன் ஒழுங்கு செய்து 1909-ல் வெளியிட்டார். தொழிலைத் தேர்ந்தெடுப்பது பற்றிய அந்தச் சிறு நூல்தான் ஒரு துறைக்கே முதல் நூலாயிற்று. பாஸ்டன் பள்ளிகளில் ஆசிரியர்கள் சிலர் ஆலோசகர்களாக நியமிக்கப்பட்டனர். 1910-ல் பாஸ்டனில் தொழில் வழிகாட்டல் பற்றிய முதல் தேசிய மகாநாடு கூடியது. 1913-ல் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் தேசியச் சங்கம் அமைந்தது.

சங்கம் என்றால் பத்திரிகையும் உண்டு. சங்கத்தின் சிறிய செய்தித்தாள் பல பெயர் மாறி ஆராய்ச்சி இதழாக வளர்ந்தது. 1954-ல் ஆலோசனை உளவியலுக்கென்று தனி இதழ் ஒன்று பிறந்தது. அதன் முதல் ஆசிரியர் கில்பர்ட் ரென். பார்சன்ஸ் சொன்ன மூன்று படிகளும் அங்கே ஆராய்ச்சிக்கு உள்ளாயின. தன்னை அறிவது என்றால் எப்படி அளப்பது? இதற்குப் பரீட்சைகள் வந்தன. 1959-ல் ஜான் ஹாலந்து அதே இதழில் எழுதிய கட்டுரையிலிருந்து, மனிதர்களையும் வேலைகளையும் ஆறு வகையாகப் பிரித்துப் பொருத்தும் முறை உருவாயிற்று. கணக்கும் கோப்பும் ஒழுங்காக வைத்திருக்கும் குமாஸ்தாவுக்கும் அதில் ஒரு வகை உண்டு.

எதிர்ப்பும் வந்தது. கார்ல் ராஜர்ஸ் 1942-ல் வெளியிட்ட நூலில், யோசனை சொல்வதைவிடக் கேட்பவரின் மனத்தைப் புரிந்து கொண்டு காது கொடுப்பதே முக்கியம் என்று வாதாடினார். டொனால்டு சூப்பர் 1953-ல், வேலைத் தேர்வு ஒரு நாளில் முடிவதல்ல, சிறு வயது முதல் ஓய்வு பெறும் வரை தொடர்வது என்று காட்டினார். ஆராய்ச்சியின் போக்கும் மாறியது. தொழில் தேர்வும் பரீட்சையும் நிறைந்திருந்த இதழ்களில் மன வேதனைக்கான சிகிச்சை பற்றிய கட்டுரைகள் பெருகின. 1980-க்குப் பிறகு இனம், மொழி, பண்பாடு வேறுபட்டவர்களுக்கு எப்படி ஆலோசனை கூறுவது என்ற ஆராய்ச்சி வலுத்தது. வட முனையில் குடியேறியவர்களோடு தொடங்கிய துறை, சுற்றி வளைத்து அவர்களைப் போன்றவர்களிடமே மீண்டும் வந்து சேர்ந்தது எனலாம்.

ஒரு கட்டுரையைப் பிறகு எழுதுவோர் எத்தனை முறை எடுத்துக் காட்டுகிறார்கள் என்று எண்ணி அதன் செல்வாக்கை அளப்பது இக்காலத்து வழக்கம். இதற்கான அட்டவணை விஞ்ஞானத்துக்கு 1964-லும் சமூகவியல் துறைகளுக்கு 1973-லும் வெளியாயிற்று. இதனால் கட்டுரை எண்ணிக்கைக்காகவே எழுதும் பழக்கமும் பெருகி விட்டது என்ற குறை உண்டு. பார்சன்ஸ் இத்துறையில் எழுதியது ஒரே நூல். அதையும் அச்சில் பார்க்கவில்லை. ஆனால் நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் இத்துறையின் வரலாறு எழுதுவோர் அதிலிருந்தே தொடங்குகிறார்கள்.

நம் நாட்டில்

இந்த இயக்கம் நம் நாட்டுக்கும் வந்தது. 1947-ல் அலகாபாத்தில் அரசாங்க உளவியல் நிலையமும், பம்பாயில் பார்சி பஞ்சாயத்தின் தொழில் வழிகாட்டல் நிலையமும் ஏற்பட்டன. இரண்டாவது ஐந்தாண்டுத் திட்ட காலத்தில் வேலைவாய்ப்பு அலுவலகங்களிலும் தொழில் வழிகாட்டும் பிரிவுகள் தொடங்கின. ஆனால் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குச் செல்லும் நம்மில் பலர் பெயரைப் பதிவு செய்து அட்டையை வாங்கிக் கொண்டு திரும்பி விடுகிறோம். யோசனை கேட்கலாம் என்ற எண்ணமே எழுவதில்லை.

தேர்ந்தெடுக்க வசதி உள்ளவர்களுக்குத்தானே இதெல்லாம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கிடைத்த வேலையைப் பற்றிக் கொள்ள வேண்டிய நிலையில் உள்ளவனுக்கு மூன்று படிகள் மட்டும் சோறு போடாது. பார்சன்ஸும் இரும்பு ஆலையில் கூலியாளாக நின்றவரே. அவர் தேடிப்போனதும் வசதி படைத்தவர்களை அல்ல, வட முனையில் வேலைக்கு அலைந்த ஏழைப் பிள்ளைகளைத்தான். தவறான வேலையில் கழிந்த ஆண்டுகளைத் திரும்பப் பெற முடியாது என்பதை அவர் தம் வாழ்விலேயே அனுபவித்திருந்தார். அடுத்த முறை நம் வீட்டில் அந்தக் கேள்வி எழும்போது, பக்கத்து வீட்டைப் பார்ப்பதற்கு முன் நம் பையனையும் பெண்ணையும் பக்கத்தில் உட்கார வைத்து, உனக்கு என்ன வரும், எது பிடிக்கும் என்று ஒரு மணி நேரம் கேட்டுப் பார்க்கலாம். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.