போரை நடத்திய தளபதி... சமாதானத்துக்காக உயிரைக் கொடுத்த பிரதமர்! யார் இந்த இட்சாக் ராபின்?

1993 செப்டம்பர் 13. வாஷிங்டன் வெள்ளை மாளிகையின் புல்வெளி. நடுவில் அமெரிக்க அதிபர் பில் கிளின்டன். ஒரு பக்கம் ராணுவ உடை, கட்டம் போட்ட தலைத்துணியுடன் பாலஸ்தீன விடுதலை இயக்கத் தலைவர் யாசர் அராபத். சிரித்த முகத்தோடு கையை நீட்டுகிறார். மறுபக்கம் கோட் சூட்டில் நிற்பவர் முகத்தில் சிரிப்பே இல்லை. நீட்டிய கையைப் பார்த்து ஒரு நொடி தயங்குகிறார். கிளின்டன் இரண்டு கைகளையும் விரித்து, இருவரையும் லேசாக நெருங்க வைக்கிறார். அதன் பிறகுதான் அவர் கையும் நீள்கிறது.

உலகமே டிவியில் பார்த்த அந்தத் தயக்கம் ஒரு நொடிதான். ஆனா அதுக்குப் பின்னால் 45 வருஷக் கதை இருக்கு.

காஸா பற்றிய செய்திகளில் அமைதிப் பேச்சுவார்த்தை என்ற வார்த்தை வரும்போதெல்லாம் ஓஸ்லோ ஒப்பந்தம் என்ற பெயரும் கூடவே வரும். அந்த ஒப்பந்தத்துக்காக உயிரை விட்டவர் இஸ்ரேல் பிரதமர் இட்சாக் ராபின். அவரைக் கொன்றது பாலஸ்தீனர் இல்லை, ஒரு இஸ்ரேலியர்! யார் இவர்? வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டவர் ஏன் சமாதானத்துக்கு வந்தார்? அவர் கொண்டு வந்த சமாதானம் ஏன் நிலைக்கவில்லை? பார்க்கலாம்.

தண்ணீர் பற்றிப் படிக்க ஆசைப்பட்ட பையன்

1922 மார்ச் 1-ஆம் தேதி ஜெருசலேமில் பிறந்தார் ராபின். அப்போது இஸ்ரேல் என்று ஒரு நாடே கிடையாது. பாலஸ்தீனம் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. அப்பா, அம்மா இருவருமே ரஷ்யப் பேரரசிலிருந்து வந்தவர்கள். தொழிலாளர் இயக்கத்தில் ஊறியவர்கள். ராபின் வளர்ந்தது டெல் அவிவில்.

கதூரி என்ற விவசாயப் பள்ளியில் படித்தார். அமெரிக்கா போய் நீர்ப்பாசனப் பொறியியல் படிக்கணும் என்பதுதான் அவர் ஆசை. அதற்குள் இரண்டாம் உலகப் போர் வந்துவிட்டது. 1941-இல் பல்மாக் என்ற யூத ஆயுதப் படையில் சேர்ந்தார். அங்கே பிடித்த துப்பாக்கியைக் கீழே வைக்க 26 வருஷம் ஆனது.

லித்தா: அவர் மறக்காத ஊர்

1948-இல் இஸ்ரேல் உருவானது. உடனே அண்டை அரபு நாடுகளோடு போர். 26 வயது ராபின், ஜெருசலேம் சாலையைத் திறந்து வைக்கப் போராடிய ஹரேல் படைப்பிரிவின் தளபதி. அவரது இளம் வீரர்கள் பலர் அந்தச் சாலையில்தான் செத்தார்கள்.

அதே வருஷம் ஜூலையில் லித்தா, ரம்லா என்ற இரண்டு பாலஸ்தீன நகரங்களை இஸ்ரேல் படை பிடித்தது. அங்கிருந்த 50,000-க்கும் அதிகமான மக்கள் கடும் வெயிலில் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டார்கள். நடந்தே போனவர்களில் பலர் வழியிலேயே இறந்தார்கள். லித்தா மக்களை வெளியேற்றும் உத்தரவில் இருந்தது ராபினின் கையெழுத்து.

பல வருஷம் கழித்து, தன் சுயசரிதையில் இந்தச் சம்பவத்தை அவரே எழுதினார். இஸ்ரேல் அரசின் தணிக்கைக் குழு அந்தப் பகுதியை வெட்டிவிட்டது. ஆனா 1979-இல் நியூயார்க் டைம்ஸ் அதை வெளியிட்டுவிட்டது. இஸ்ரேல்காரர்களுக்கு ராபின் சுதந்திரப் போர் வீரர். பாலஸ்தீனர்களுக்கோ தங்களை அகதியாக்கியவர்களில் ஒருவர். ரெண்டுமே உண்மை. இந்த ரெண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவர் கதை புரியும்.

ஆறே நாள்... மாறிப்போன வரைபடம்

1964-இல் ராபின் ராணுவத் தலைமைத் தளபதி ஆனார். 1967 ஜூனில் எகிப்து, ஜோர்டான், சிரியாவோடு போர் மூண்டது. போருக்கு முந்தைய பதற்றத்தில் ராபின் மனதளவில் நொறுங்கி ஒரு நாளுக்கும் மேல் வீட்டிலேயே முடங்கிக் கிடந்தார். அப்புறம் எழுந்து வந்து போரை நடத்தினார்.

ஆறே நாளில் போர் முடிந்தது. மேற்குக் கரை, கிழக்கு ஜெருசலேம், காஸா, சினாய், கோலான் குன்றுகள் எல்லாமே இஸ்ரேல் கைக்கு வந்தன. ராபின் தேசிய நாயகன் ஆனார். ஆனா அந்த வெற்றியோடு பல லட்சம் பாலஸ்தீனர்களும் இஸ்ரேல் ராணுவ ஆட்சிக்குள் வந்துவிட்டார்கள். அவர்களை என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு அப்போது யாரிடமும் பதில் இல்லை. இன்றைக்கு நாம் செய்தியில் பார்க்கும் பிரச்னையின் பெரும்பகுதி அந்த ஆறு நாளில் தொடங்கியதுதான்.

பதவியைப் பறித்த வங்கிக் கணக்கு

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றதும் அமெரிக்காவுக்கான தூதர். அங்கிருந்து திரும்பி அரசியல். 1974-இல் பிரதமர். இஸ்ரேல் மண்ணில் பிறந்த முதல் பிரதமர் இவர்தான். 1976-இல் உகாண்டாவின் என்டபே விமான நிலையத்தில் பிணைக் கைதிகளை மீட்ட அதிரடிக்கு அனுமதி கொடுத்ததும் இவர் அரசுதான்.

ஆனா அடுத்த வருஷமே சறுக்கல். வாஷிங்டன் வங்கி ஒன்றில் அவர் மனைவி லியா டாலர் கணக்கை மூடாமல் வைத்திருந்தது வெளியே வந்தது. இஸ்ரேல்காரர்கள் வெளிநாட்டில் கணக்கு வைத்திருப்பது அப்போது சட்டப்படி குற்றம். மனைவி மேல் பழியைப் போட்டுத் தப்பிக்காமல், தானும் பொறுப்பு என்று தேர்தல் வேட்பாளர் இடத்திலிருந்து விலகினார் ராபின். மீண்டும் பிரதமர் நாற்காலிக்கு வர 15 வருஷம் ஆனது.

கல்லெறிந்த சிறுவர்கள் கற்றுக்கொடுத்த பாடம்

1987 டிசம்பர். காஸாவிலும் மேற்குக் கரையிலும் பாலஸ்தீன மக்கள் தெருவில் இறங்கினார்கள். கடையடைப்பு, வரி மறுப்பு, கல்லெறிதல் என்று பரவியது முதல் இன்டிஃபாடா எழுச்சி. அப்போது இஸ்ரேலின் பாதுகாப்பு அமைச்சர் ராபின்.

அவர் கையில் எடுத்தது தடி. பலப்பிரயோகமும் அடியும்தான் வழி என்று வெளிப்படையாகவே அறிவித்தார். கல்லெறிபவர்களின் எலும்பை உடைக்கச் சொன்னார் என்ற குற்றச்சாட்டு அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அப்படிச் சொல்லவில்லை என்று அவர் மறுத்தார். ஆனா இளைஞர்களின் கையை ராணுவத்தினர் கல்லால் அடிக்கும் டிவி காட்சியை உலகமே பார்த்துவிட்டது. எழுச்சி நடந்த சுமார் ஆறு வருஷத்தில் ஆயிரத்துக்கும் அதிகமான பாலஸ்தீனர்கள் இஸ்ரேல் படையினரால் கொல்லப்பட்டார்கள்.

இங்கதான் கதையில் திருப்பம். எவ்வளவு அடித்தும் எழுச்சி அடங்கவில்லை. எகிப்து ராணுவத்தைத் தோற்கடிக்கலாம். தெருவில் நிற்கும் ஒரு மக்கள் கூட்டத்தை எப்படித் தோற்கடிப்பது? ராணுவத்தால் தீர்க்க முடியாத பிரச்னை இது என்ற முடிவுக்கு ராபின் வந்தார். அவர் மனம் இளகிப்போய் மாறவில்லை. ஒரு தளபதி கணக்குப் போட்டுப் பார்த்து எடுத்த முடிவு அது.

நார்வேயில் நடந்த ரகசியப் பேச்சு

1992 தேர்தலில் ஜெயித்து 70 வயதில் மீண்டும் பிரதமர் ஆனார். அப்போதும் அவர் கறார்தான். அந்த டிசம்பரில் 400-க்கும் மேற்பட்ட ஹமாஸ், இஸ்லாமிய ஜிகாத் ஆதரவாளர்களை லெபனானுக்கு நாடு கடத்தினார்.

ஆனா 1993 ஜனவரியில் நார்வேயில் ஒரு ரகசியப் பேச்சு தொடங்கியது. முதலில் போனவர்கள் இரண்டு இஸ்ரேல் பேராசிரியர்கள். எதிரில் அராபத்தின் ஆட்கள். இது எதற்கும் உதவுமா என்று முதலில் ராபினுக்கே சந்தேகம். அவரோடு பல வருஷம் கட்சிக்குள் மோதிய வெளியுறவு அமைச்சர் ஷிமோன் பெரஸ்தான் இதை முன்னே தள்ளினார்.

அராபத்துக்கும் வேறு வழியில்லை. வளைகுடாப் போரில் சதாம் உசேன் பக்கம் நின்றதால் வளைகுடா நாடுகளின் பணம் நின்றுவிட்டது. சோவியத் ஒன்றியமும் இல்லை. ரெண்டு பக்கமும் களைத்திருந்த நேரம் அது.

ஒப்பந்தத்தில் என்ன இருந்தது? இஸ்ரேல் நாட்டை அராபத்தின் இயக்கம் அங்கீகரித்தது. பதிலுக்கு அந்த இயக்கத்தைப் பாலஸ்தீன மக்களின் பிரதிநிதியாக இஸ்ரேல் அங்கீகரித்தது. கவனிச்சீங்களா? ஒரு பக்கம் நாடு, இன்னொரு பக்கம் இயக்கம் மட்டும். காஸா, ஜெரிகோ பகுதிகளில் தொடங்கி ஐந்து வருஷத்துக்குத் தற்காலிகச் சுயாட்சி. அதற்குள் மற்றதைப் பேசி முடிக்கலாம் என்பது திட்டம்.

அந்த மற்றது என்ன தெரியுமா? ஜெருசலேம் யாருக்கு, அகதிகள் திரும்பலாமா, யூதக் குடியிருப்புகள் என்ன ஆகும், எல்லை எங்கே, பாதுகாப்பு யார் கையில். அதாவது சண்டைக்கே காரணமான அத்தனையும் தள்ளி வைக்கப்பட்டன.

தள்ளிப்போட்ட நேரத்தில் புகுந்த ரத்தம்

முதலில் நம்பிக்கை வளரட்டும், கடினமானதைக் கடைசியில் பேசலாம் என்பதுதான் யோசனை. ஆனா அந்த இடைவெளி, சமாதானம் வேண்டாம் என்று நினைத்தவர்களுக்கு வசதியாகிப் போனது.

1994 பிப்ரவரியில் ஹெப்ரான் நகரின் இப்ராஹிமி மசூதியில் தொழுகையில் இருந்த 29 பாலஸ்தீனர்களை ஒரு யூதத் தீவிரவாதி சுட்டுக் கொன்றார். அந்த நகரில் இருந்த யூதக் குடியேறிகளை வெளியேற்ற வேண்டும் என்ற யோசனையை ராபின் ஏற்கவில்லை. ஏப்ரலில் இருந்து இஸ்ரேல் நகரங்களில் ஹமாஸின் தற்கொலைத் தாக்குதல்கள். அக்டோபரில் டெல் அவிவ் பேருந்து ஒன்றில் மட்டும் 22 பேர் பலி.

ஒவ்வொரு குண்டும் இஸ்ரேலில் ராபினின் ஆதரவைக் குறைத்தது. மேற்குக் கரையில் குடியிருப்புகள் வளர வளர, பாலஸ்தீனர்களிடம் அராபத் மீதான நம்பிக்கை குறைந்தது. நடுவில் நல்ல செய்திகளும் வந்தன. ஜோர்டானோடு அமைதி ஒப்பந்தம் ஆனது. ராபின், பெரஸ், அராபத் மூவருக்கும் 1994-இன் அமைதி நோபல் பரிசு கிடைத்தது.

1995 செப்டம்பரில் இரண்டாம் ஓஸ்லோ ஒப்பந்தம். மேற்குக் கரை ஏ, பி, சி என்று மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டது. நாடாளுமன்றத்தில் அது தப்பியது 61-க்கு 59 என்ற கணக்கில். அரபு எம்.பி.க்களின் ஓட்டு இல்லாவிட்டால் தோற்றிருக்கும் என்று எதிர்ப்பாளர்கள் கொந்தளித்தார்கள். அன்று ஜெருசலேமில் நடந்த கண்டனக் கூட்டத்தில், ராபினுக்கு நாஜி சீருடை மாட்டிய படங்கள் சுற்றின.

சட்டைப் பையில் இருந்த பாட்டுக் காகிதம்

1995 நவம்பர் 4, சனிக்கிழமை இரவு. டெல் அவிவ் சதுக்கத்தில் ஒரு லட்சம் பேர் அளவுக்கு அமைதிப் பேரணி. கூட்டம் வருமா என்றே ராபினுக்குச் சந்தேகம் இருந்தது. வந்த கூட்டத்தைப் பார்த்து, கூச்ச சுபாவம் கொண்ட அந்த மனிதர் மேடையில் அமைதிப் பாடலைக் கூடச் சேர்ந்து பாடினார். பாட்டு எழுதிய காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

படிக்கட்டில் இறங்கி காருக்குப் போகும்போது பின்னாலிருந்து சுட்டார் 25 வயது சட்டக் கல்லூரி மாணவர் யிகால் அமீர். யூத மண்ணை எதிரிக்குக் கொடுப்பவரைக் கொல்வது மதப்படி சரி என்று நம்பியவர். ராபின் குண்டு துளைக்காத உடை அணிந்திருக்கவில்லை. மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. வயது 73. மடித்து வைத்த காகிதத்தில் ரத்தக் கறை.

1967-இல் ராபினிடம் கிழக்கு ஜெருசலேமை இழந்த ஜோர்டான் மன்னர் உசேன், அதன் பிறகு முதல் முறையாக அந்த நகருக்கு வந்தது ராபினின் இறுதிச் சடங்குக்குத்தான். பாதுகாப்புக் காரணங்களால் அராபத் வரவில்லை. சில நாள் கழித்து இரவில் ரகசியமாக டெல் அவிவ் வந்து லியாவுக்கு ஆறுதல் சொன்னார்.

அவர் இருந்திருந்தால்?

1996 தொடக்கத்தில் மீண்டும் தொடர் குண்டுவெடிப்புகள். மே மாதத் தேர்தலில் பெரஸை ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் வென்றார் ஓஸ்லோவை எதிர்த்த பெஞ்சமின் நெதன்யாகு. 2000-இல் கேம்ப் டேவிட் பேச்சு தோற்றது. இரண்டாவது இன்டிஃபாடா வெடித்தது.

ராபின் உயிரோடு இருந்திருந்தால் அமைதி வந்திருக்குமா? பலரும் கேட்கும் கேள்வி. ஆனா கொல்லப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு நாடாளுமன்றத்தில் அவர் விவரித்தது முழுமையான பாலஸ்தீன நாட்டை இல்லை. அதைவிடக் குறைந்த ஒன்றை. ஜெருசலேம் பிரிக்கப்படாமல் இஸ்ரேலிடமே இருக்கும் என்றும் சொன்னார். பாலஸ்தீனர்கள் ஏற்கும் தீர்வாக அது இல்லை. பேசப் பேச அவர் இன்னும் மாறியிருப்பாரா என்பது யாருக்கும் தெரியாது. அமீரின் துப்பாக்கி மூடிய கதவு அதுதான்.

ஒன்று மட்டும் நிச்சயம். எதிரியோடு பேசப்போகிறேன் என்று அவர் சொன்னபோது, அவர் நாட்டைக் காக்கத் தெரியாதவர் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அந்த நம்பகத்தன்மை ஒரு மனிதரிடம் மட்டும் இருந்தது. ஒப்பந்தத்தில் இல்லை. அதனால் அந்த மனிதர் போனதும் ஒப்பந்தமும் ஆட்டம் கண்டது. 1981-இல் எகிப்து அதிபர் அன்வர் சதாத்தும் சொந்த நாட்டவரால்தான் கொல்லப்பட்டார். ஆனா எகிப்து - இஸ்ரேல் ஒப்பந்தம் இன்றும் நிற்கிறது. காரணம், சினாயைத் திருப்பிக் கொடுப்பது, எல்லை எது என்பது எல்லாம் அதில் முடிவாகி எழுதப்பட்டிருந்தது. ஓஸ்லோவில் அந்தப் பக்கம் காலியாகவே இருந்தது.

ஐந்து வருஷத்துக்கு என்று போட்ட தற்காலிக ஏற்பாடுதான் மேற்குக் கரையில் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் சுமார் 60 சதவீத நிலம் இப்போதும் முழு இஸ்ரேல் கட்டுப்பாட்டில் உள்ள சி பகுதி. ஜெருசலேம், அகதிகள், குடியிருப்புகள், எல்லை, பாதுகாப்பு என்று 1993-இல் தள்ளி வைத்த பட்டியலில் ஒன்றுகூடத் தீரவில்லை. அடுத்த முறை அமைதி ஒப்பந்தம் என்ற செய்தி வரும்போது, யார் யாரோடு கை குலுக்கினார்கள் என்பதோடு நிறுத்திடாதீங்க. இந்த ஐந்து கேள்விகளுக்கு அதில் என்ன பதில் இருக்கு என்று பாருங்க.